ஹாங்காங்கில் நான்கு இரவுகள்: தொழுகையும் உணவும் தவறாமல் ஊர் பார்க்க

அன்புள்ள சகோதரருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஈரோட்டிலிருந்து தாங்கள், தங்கள் மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன், முழங்கால் வலியுள்ள தாயார் ஆகிய ஐவரும் அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஹாங்காங் சென்று நான்கு இரவுகள் தங்க எண்ணியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் கொடுத்த நிரலில் காலை முதல் இரவு வரை பேருந்தில் ஏறி இறங்குவதே இருக்கிறது என்றும், தொழுகைக்கு நேரம் கேட்டால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும், உணவைப் பற்றிக் கேட்டால் சைவம் தருகிறோம் என்றும் அவர் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். தாங்கள் ஹனபி மத்ஹபையும் (மார்க்கச் சட்ட வழி), கீழக்கரைக் குடும்பத்தில் பிறந்த தங்கள் மனைவி ஷாபி மத்ஹபையும் பின்பற்றுவதால் பயணத் தொழுகையில் இருவருக்கும் எது பொருந்தும் என்றும் கேட்டிருந்தீர்கள். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வழியாக அந்த ஊரோடு பழகியவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அந்த நிரலைத் தாங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பதே என் தெளிவான கருத்து. ஹாங்காங்கில் பார்க்கத்தக்கவை பெரும்பாலும் துறைமுகத்தின் இரு கரைகளிலும் நெருங்கி அமைந்திருக்கின்றன. அந்த இரு கரைகளிலும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. ஆகவே காட்சிகளை முதலில் எழுதிக்கொண்டு தொழுகைக்கு இடைவெளி தேடுவதைவிட, பள்ளிவாசல்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு அவற்றைச் சுற்றி நாளை அமைத்தால் ஒரு வக்துகூட, அதாவது ஒரு வேளைத் தொழுகைகூடத் தவறாது. ஊரையும் நிதானமாகப் பார்க்கலாம்.

தங்குமிடத்தைக் கவுலூன் கரையில், நேதன் சாலையின் தென்முனையில், சிம் ஷா சூய் பகுதியில் அமைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையின் 105ஆம் எண்ணில் கவுலூன் பள்ளிவாசல் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய முஸ்லிம் வீரர்களுக்காக 1896இல் முதலில் எழுப்பப்பட்ட பள்ளிவாசல், 1970களின் பிற்பகுதியில் சுரங்க ரயில் பாதை அமைக்கும் பணியால் பழுதடைந்தது. இப்போது நிற்கும் வெண்ணிறக் கட்டடம் 1984இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,500 பேர் தொழக்கூடிய அந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்கெனத் தனித் தொழுகைத் தளம் உண்டு. நம் கொங்கு வட்டாரத்தில் பெண்கள் பள்ளிவாசலுக்குச் சென்று தொழும் வழக்கம் பல ஊர்களில் இல்லாததால் தங்கள் தாயார் தயங்கக்கூடும். தயங்க வேண்டியதில்லை என்று முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஜமாஅத் என்னும் கூட்டுத் தொழுகையில் நின்று தொழும் வாய்ப்பு, எந்தக் கேளிக்கைப் பூங்காவையும்விட அவருக்கு நிறைவு தரும் என்று நம்புகிறேன். சிம் ஷா சூய் சுரங்க ரயில் நிலையத்தின் ஏ1 வாயில் பள்ளிவாசலை ஒட்டியே இருப்பதால், ஊரின் எந்த மூலையிலிருந்தும் நேராக அங்கு வந்து சேரலாம்.

அறைகளைப் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை. ஹாங்காங்கில் இடத்தின் விலை மிகுதி. ஆகவே நடுத்தர விடுதிகளின் அறைகள் நம் ஊர் விடுதி அறைகளில் பாதி அளவே இருக்கும். ஐவருக்கு ஒரே அறை என்று தேடி நேரத்தை வீணாக்காமல், அடுத்தடுத்த இரண்டு அறைகளைக் கேளுங்கள். நேதன் சாலையில் 1961இல் கட்டப்பட்ட, பதினேழு தளங்கள் கொண்ட சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற கட்டடத்தில் மலிவான சிறு விடுதிகள் நிறைய உண்டு. அங்கே சாப்பிடச் செல்லுங்கள், நாணயம் மாற்றச் செல்லுங்கள். ஆனால் முழங்கால் வலியுள்ள தாயாரோடும் குழந்தைகளோடும் அங்கே தங்க வேண்டாம். மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் வரிசையே அவர்களைக் களைப்பாக்கிவிடும். நாணயம் மாற்றும்போது வாசலை ஒட்டிய கடையிலேயே மாற்றிவிடாமல், உள்ளே சென்று இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டபின் மாற்றுவது நல்லது.

விடுமுறைக் காலம் பற்றித் தங்கள் தேர்வு சரியானதே. மே மாதம் அங்கே புழுக்கமும் மழையும் தொடங்கிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் மிகுதி. வானிலை நிலையம் எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் கடைகள், படகுகள், பேருந்துகள் எல்லாம் நின்றுவிடும். நான்கு நாள் பயணத்தில் ஒரு நாள் அறைக்குள்ளேயே கழிந்துவிடும். டிசம்பரிலோ வானம் தெளிந்து, வெப்பம் பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரி வரை நிற்கும். தாயாருக்கும் குழந்தைகளுக்கும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவும் ஆண்டின் கடைசி இரவும் சிம் ஷா சூய் கடற்கரையில் பெருங்கூட்டம் திரளும்; அப்பகுதிச் சாலைகளில் போக்குவரத்தையும் நிறுத்துவார்கள். 26 அல்லது 27ஆம் தேதி இறங்கி, 31ஆம் தேதி மாலைக்குள் புறப்பட்டுவிடுவது நலம்.

இனித் தொழுகை. ஹாங்காங் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆயினும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி பார்த்தால் வக்துகள் நம் ஊரை ஏறத்தாழ ஒத்தே இருக்கும். இரண்டு ஊர்களிலும் சூரியன் உச்சி சாயும் நேரம் பன்னிரண்டரை மணியை ஒட்டியே வருகிறது. ஹாங்காங் நம்மைவிட வடக்கே இருப்பதால் டிசம்பரில் பகல் சற்றுக் குறுகும். அந்தித் தொழுகையான மக்ரிப் மாலை 5.45 அளவிலேயே வந்துவிடும். இரவுத் தொழுகையான இஷா ஏழு மணியை ஒட்டி வரும். ஹனபி முறைப்படி பிற்பகல் தொழுகையான அஸர் நான்கு மணியைத் தாண்டித்தான் தொடங்கும் என்பதால், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் ஒன்றரை மணி நேரமே இருக்கும். பிற்பகல் திட்டங்களை இதை வைத்தே அமைக்க வேண்டும். தொழும் திசையான கிப்லா, நம் ஊரைப் போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும்.

தங்கள் பயணத்தின் நோக்கம் தொலைதூர ஊர் என்பதால், ஈரோட்டு எல்லையைக் கடந்ததுமே தாங்கள் முஸாபிர், அதாவது பயணி, ஆகிவிடுகிறீர்கள். நண்பகல் தொழுகையான லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) பர்ளுகள், அதாவது கடமைத் தொழுகைகள், இரண்டாகச் சுருங்கும். இந்தச் சுருக்கமே கஸ்ர். ஹனபி மத்ஹபில் ஓர் ஊரில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணினால் கஸ்ர் நீடிக்கும். ஷாபி மத்ஹபில் வந்திறங்கும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி நான்கு முழு நாட்கள் தங்க எண்ணினால் கஸ்ர் நின்றுவிடும். தங்களுக்கு இடையில் மூன்று முழு நாட்களே வருவதால் தங்கள் மனைவிக்கும் சலுகை பொருந்தும். லுஹரையும் அஸரையும், மக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ஜம்உ அவருக்கு உண்டு. தங்களுக்கு அது இல்லை. ஆயினும் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்க நேரத்திலும் தொழுது ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம். உள்ளூர் இமாமின் பின்னால் நின்று தொழும்போது இருவரும் முழு நான்கு ரக்அத்தையே தொழ வேண்டும் என்பதை மறவாதீர்கள். இவற்றில் ஐயம் வந்தால் புறப்படுமுன் தங்கள் மஹல்லா ஆலிமிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூ விஷயத்தில் ஒரு சிறு ஏற்பாடு பெரும் சிரமத்தைக் குறைக்கும். வணிக வளாகங்களின் கழிப்பறைகளில் காகிதமே இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்காது. ஆகவே ஆளுக்கொரு சிறிய தண்ணீர்ப் புட்டியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கிக் கழுவுவது அங்குள்ளவர்களுக்குச் சங்கடமாகத் தோன்றும். வயதான தாயாருக்கு அது ஆபத்தும்கூட. காலையில் உளூச் செய்து தோல் காலுறை அணிந்துகொண்டால், பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு வரை கால் கழுவுவதற்குப் பதிலாக அதன்மீது ஈரக்கையால் தடவும் மஸஹு செய்ய அனுமதி உண்டு. மடித்து வைக்கக்கூடிய மெல்லிய தொழுகை விரிப்பு ஒன்றும் இருந்தால், பூங்காவின் ஒதுக்குப்புறத்தில் தொழுதுகொள்ளலாம். கூட்டம் நடமாடும் வழியை மறிக்காதவரை யாரும் தடுக்க மாட்டார்கள். விமான நிலையத்தில் தொழுகை அறைகள் உள்ளன.

உணவைப் பற்றித் தாங்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. பன்றிக் கொழுப்பு அந்த ஊர்ச் சமையலில் இறைச்சியாக மட்டும் வருவதில்லை. முட்டைக் கூழ் நிரப்பிய டார்ட், ரொட்டிக் கடைகளின் பன், மொறுமொறுப்பான மேல்மாவுப் பண்டங்கள் பலவற்றிலும் அது கலந்திருக்கக்கூடும்; காய்கறி வதக்கலிலும் ஆவியில் வேகவைத்த மீனிலும் சமையல் மது தெளிப்பது பொது வழக்கம். ஆகவே ஏற்பாட்டாளர் சொன்ன சைவம் என்ற ஒரு சொல்லை நம்பி அமர முடியாது. மலேசியாவில் ஹலால் சான்றோடு இயங்கும் பன்னாட்டுப் பர்கர் கடைகள் ஹாங்காங்கிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. ஹாங்காங்கில் ஹலால் சான்று வழங்கும் அமைப்பு, ஹாங்காங் இஸ்லாமியச் சமுதாய நிதியத்தின் அறங்காவலர் குழு. அதன் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தபின் அமருங்கள்.

ஆனால் இந்த அச்சத்திலேயே நான்கு நாளும் ரொட்டியும் பழமும் தின்று திரும்பிவிடாதீர்கள். சீன முஸ்லிம்களுக்கு நூற்றாண்டுகள் பழைய ஹலால் சமையல் மரபு ஒன்று உண்டு. அதை உண்ணாமல் வந்தால் அந்த ஊரில் பாதியைப் பார்க்கவில்லை என்றே நான் சொல்வேன். வான் சாய் பகுதியில் ஓய் குவான் சாலையில் 1981இல் கட்டப்பட்ட அம்மார் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் ஐந்தாம் தளத்து உணவகத்தில் நண்பகலில் திம் சம் என்னும் ஆவியில் வெந்த சிறு பண்டங்களை ஹலாலாகத் தருகிறார்கள். பகல் ஒரு மணிக்குள் கூட்டம் நிறைந்துவிடும் என்பதால் பன்னிரண்டு மணிக்கெல்லாம் சென்றுவிடுங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் போரிங்டன் சாலைச் சந்தையின் மாடியில் வாய் கீ என்ற கடையில் வாத்து வறுவல் சாப்பிடலாம். பளபளப்பான மேசைகளை எதிர்பார்க்க வேண்டாம், சுவைக்காகச் செல்லுங்கள். கவுலூன் சிட்டி பகுதியில் 1950 முதல் இயங்கும் ‘இஸ்லாம் ஃபுட்’ என்ற உணவகம், சாறு நிறைந்த மாட்டிறைச்சி அடைக்குப் பெயர்பெற்றது. 2021இல் திறந்த சுங் வோங் தோய் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போய்விடலாம். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் நாளில் சுங்கிங் மேன்ஷன்ஸின் பாகிஸ்தானிய, இந்திய உணவகங்களும், சிம் ஷா சூய் பகுதியின் தென்னிந்தியச் சைவ உணவகங்களும் இருக்கின்றன.

துறைமுக ஊர் என்பதால் கடல் உணவுக் கடைகள் கண்ணைப் பறிக்கும். இங்கேதான் தங்கள் வீட்டின் இரண்டு மத்ஹபும் இரண்டு வழியாகப் பிரியும். தங்கள் மனைவிக்கு ஷாபி முறைப்படி நண்டும் கணவாயும் சிப்பியும் கூடும். ஹனபி முறைப்படி கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே கூடும் என்பதால் தங்களுக்கு அவை கூடா. இறால் மீன் வகையா இல்லையா என்பதில் ஹனபி உலமாக்களிடையே பழங்காலம் முதலே இரு கருத்துகள் உண்டு. தங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதையே அங்கும் கடைப்பிடியுங்கள். திம் சம் வகைகளில் மிகுந்த புகழ்பெற்றது இறால் பொதிந்ததுதான். வேண்டாமெனில் கோழியோ மாட்டிறைச்சியோ பொதிந்ததைக் கேட்கலாம். மத்ஹப் எதுவாயினும், ஹலால் அல்லாத கடல் உணவகங்களில் எண்ணெயும் சாறும் மதுவும் கலப்பதால் இருவருமே அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் பண்டங்களில் பருப்புப் பொடி, நிலக்கடலை மிட்டாய், முறுக்கு போன்றவற்றுக்குத் தடையில்லை. உப்புக்கண்டமோ வேறு எந்த இறைச்சியோ முட்டையோ எடுத்துச் செல்லாதீர்கள். உரிய சுகாதாரச் சான்று இல்லாமல் அவற்றைக் கொண்டுவருவது அங்கே குற்றம். சுரங்க ரயில் நிலையத்துக்குள்ளும் ரயிலிலும் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது என்பதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இனி நாட்களைப் பார்ப்போம். வந்திறங்கும் நாளில், பெட்டிகளோடு விரைவு ரயிலில் ஏறி மாறி இறங்குவதைவிட, விமான நிலையத்திலிருந்து நேதன் சாலை வழியாகச் செல்லும் ஏ21 மாடிப் பேருந்தில் வாருங்கள்; செலவும் குறைவு, குழந்தைகள் மேல்தளத்தில் அமர்ந்து பாலங்களையும் துறைமுகப் பளுதூக்கிகளையும் பார்த்துக்கொண்டே வரலாம். விமான நிலையத்திலேயே ஆக்டோபஸ் அட்டைகளை வாங்கிக்கொள்ளுங்கள். ரயில், பேருந்து, டிராம், படகு, சிறு கடைகள் அனைத்துக்கும் அது பயன்படும். மூன்று முதல் பதினொரு வயது வரையுள்ளவர்களுக்குச் சலுகைக் கட்டண அட்டை உண்டு. அன்றிரவு இஷாவை கவுலூன் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத் தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கடற்கரை. 1915ஆம் ஆண்டின் பழைய ரயில் நிலையத்தில் எஞ்சிய மணிக்கூண்டு அங்கே நிற்கும். இரவு எட்டு மணிக்கு எதிர்க்கரைக் கட்டடங்களில் நடக்கும் ஒளிக்காட்சியை அங்கிருந்து இலவசமாகப் பார்க்கலாம்.

முதல் முழு நாளை எதிர்க்கரையான ஹாங்காங் தீவுப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஸ்டார் ஃபெர்ரி படகில் கடந்து செல்லுங்கள். சில டாலர்களே கட்டணம், பத்து நிமிடப் பயணம், அந்த ஊரில் அதற்கு இணையான காட்சி வேறில்லை. அந்தப் படகுச் சேவையின் தொடக்கம் 1888இல் தோராப்ஜி நௌரோஜி மித்தாய்வாலா என்ற பார்சி வணிகர் நிறுவிய படகு நிறுவனம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். இந்தியர்களின் கைபட்ட ஊர் அது. அத்தீவின் மத்தியப் பகுதிக்கு (சென்ட்ரல்) மேலே ஷெல்லி தெருவில் உள்ள ஜாமியா பள்ளிவாசல் ஹாங்காங்கிலேயே பழமையானது. 1849இல் முதலில் எழுந்து, 1915இல் இப்போதைய பச்சை நிறக் கட்டடமாகப் புதுப்பிக்கப்பட்டு, 2022இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்களில் லஸ்கர்களாக வந்த இந்திய முஸ்லிம் மாலுமிகளும் வீரர்களும் காவலர்களும் தொழுத இடம் அது. 1993இல் அமைக்கப்பட்ட, ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள நகரும் படிக்கட்டுத் தொடர் அதன் அருகே செல்கிறது. காலை பத்து மணிக்குப் பிறகுதான் அது மேல்நோக்கி இயங்கும். இடையிடையே சாதாரணப் படிகளும் உண்டு என்பதால் தாயாரை டாக்சியில் அழைத்துச் செல்லுங்கள். டாக்சிகளில் நால்வர் ஏறுவன, ஐவர் ஏறுவன என இரண்டு வகை உண்டு. பின்புறப் பலகையைப் பார்த்து ஐவர் வண்டியையே நிறுத்துங்கள்.

அங்கிருந்து 1904 முதல் ஓடும் மாடி டிராமில் வான் சாய் சென்றால் அம்மார் பள்ளிவாசலில் மதிய உணவும் லுஹரும் முடியும். பிறகு 552 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா சிகரம். 1888இல் தொடங்கிய கம்பிவட ரயில் புகழ்பெற்றதுதான். ஆனால் விடுமுறை நாட்களில் அதன் வரிசை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். மத்தியப் பகுதியிலிருந்து செல்லும் 15ஆம் எண் பேருந்தே தங்களுக்கு ஏற்றது. வளைந்து ஏறும் மலைப்பாதையில் காட்சி வழியெல்லாம் கூடவே வரும். மேலே கட்டணம் செலுத்தும் காட்சி மாடத்துக்கு ஏறாமலேயே, லுகார்ட் சாலை என்ற மலைச்சுற்றுப் பாதையில் நடந்தால் முழுத் துறைமுகமும் தெரியும். அது பெரும்பாலும் சமதளப் பாதை என்பதால் தாயாரும் ஓரளவு நடக்கலாம். அஸரை அங்கே ஓர் ஓரத்தில் தொழுதுவிட்டு, விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் கீழே இறங்குங்கள்.

இரண்டாம் முழு நாள் குழந்தைகளுடையது. 2005இல் திறந்த டிஸ்னிலாந்து, அல்லது லாண்டாவ் தீவின் கேபிள் கார். இரண்டில் ஒன்று மட்டும். டிஸ்னிலாந்தில் ஹலால் உணவு தரும் உணவகம் உண்டு. அது அன்று திறந்திருக்கிறதா என்று முன்பே அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் கார் 5.7 கிலோமீட்டர் நீளம், 25 நிமிடம் கடலுக்கும் மலைக்கும் மேலே செல்லும். அது சென்று சேருமிடத்தில் 34 மீட்டர் உயரப் புத்தர் சிலையும் மடமும் இருக்கின்றன. சிலைவரை 268 படிகள் ஏற வேண்டும். மலைக்காட்சிக்காக மட்டும் சென்று, மடத்துப் பக்கம் போகாமல் திரும்புவதும் எளிதே. ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு டிஸ்னிலாந்தே பொருந்தும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் முழு நாளைத் தங்களுக்கும் தங்கள் தொழிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஷாம் ஷூய் போ என்ற பகுதியின் கீ லுங் தெருவில் துணிச் சுருள்களும், யூ சாவ் தெருவில் பொத்தான், மணி, சரிகைக் கடைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் ஈரோட்டு கனி மார்க்கெட்டில் பழகிய கண்ணுக்கு அந்தத் தெருக்களின் நெரிசலும் பேரமும் உடனே புரிந்துவிடும். ரயிலில் மேலும் சில நிலையங்கள் கடந்து சுன் வான் சென்றால், நான் ஃபங் குழுமத்தின் பழைய நூற்பாலைக் கட்டடங்களை 2018இல் ‘த மில்ஸ்’ என்ற பெயரில் புதுப்பித்து, உள்ளே நெசவுக் கலை மையம் ஒன்றையும் அமைத்திருக்கிறார்கள். பழைய ஆலைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதைக் கோவையில் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த இடம் பெரும் ஆதங்கத்தையும் ஆசையையும் ஒருசேரத் தந்தது. பருத்தியோடு வாழும் நம் வட்டாரத்துக் குழந்தைகள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் கவுலூன் சிட்டியில் உணவை முடிக்கலாம்.

இந்த நாட்களில் எது வெள்ளிக்கிழமையாக வந்தாலும் அதன் நண்பகலைக் காலியாக வையுங்கள். முஸாபிருக்கு ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகை கடமையில்லை. ஆயினும் கவுலூன் பள்ளிவாசலின் ஜும்ஆவில் பாகிஸ்தானியர், இந்தோனேசியர், ஆப்பிரிக்கர், சீனர் எல்லோரும் ஒரே ஸஃப்பில் (வரிசையில்) நிற்பதைத் தங்கள் மகன் பார்க்கட்டும். ரத்தின வணிகத்துக்காகக் காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களிலிருந்து அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் இருப்பதால், தொழுகை முடிந்து வெளியே வரும்போது தமிழ்ப் பேச்சு காதில் விழுவதும் அரிதன்று. தங்கள் மனைவிக்குச் சொந்த ஊர்க்காரர் யாரேனும் கிடைத்தாலும் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை அமைந்தால், காஸ்வே பே பகுதியின் விக்டோரியா பூங்காவில் இந்தோனேசியப் பணிப்பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருப்பதைக் காணலாம். ஹாங்காங்கின் ஏறத்தாழ மூன்று லட்சம் முஸ்லிம்களில் பாதிப்பேர் இந்தோனேசியர்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணியாளர்கள். வார விடுமுறை நாளில் விரிப்பில் அமர்ந்து உண்டு, ஓதி, தொழுது, மாலையில் பிறர் வீடுகளுக்குத் திரும்பும் அந்தப் பெண்களின் உழைப்பையும் தங்கள் மகள் அறிந்துகொள்ளட்டும்.

மக்காவ் ஒருநாள் பயணம் என்று ஏற்பாட்டாளர் சேர்த்திருப்பதை நீக்கிவிடுங்கள். கடல் கடந்து போகவர ஒரு நாள் முழுதும் கரையும்; சூதாட்ட மாளிகைகளே அங்கே முதன்மையான காட்சி.

பயண ஆவணங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஹாங்காங்கில் பதினான்கு நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் 2017 ஜனவரி முதல் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, அதற்கான சீட்டை அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அது இலவசம்; குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதிய வேண்டும்; ஆறு மாதம் செல்லும். கட்டணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை. பதிவு மறுக்கப்பட்டால் முறையாக விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் நேரமாகும் என்பதால், விமானச் சீட்டு வாங்குமுன்பே ஐவருக்கும் பதிவை முடித்துவிடுங்கள்.

கோவையிலிருந்து ஹாங்காங்கிற்கு நேரடி விமானம் இல்லை. கோவையிலிருந்து சிங்கப்பூர் சென்று அங்கே மாறலாம். அல்லது இரவு ரயிலில் சென்னை சென்று அங்கிருந்து நேரடி விமானம் பிடிக்கலாம். சிங்கப்பூர் வழியெனில் இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்கட்டும். இல்லையெனில் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடிவரவைக் கடக்க வேண்டியிருக்கும், அதற்குச் சிங்கப்பூர் விசா தேவைப்படலாம். சீட்டு வாங்கும்போதே முஸ்லிம் உணவு என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். விமானத்தில் ஏறியபின் கேட்டால் கிடைக்காது. ஏற்பாட்டாளரிடம் இந்த விமானச் சீட்டையும், நேதன் சாலைப் பக்கத்தில் இரண்டு அறைகளையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்தும் உணவும் வேண்டாமென்றால் விலையைக் குறைக்க அவர் தயங்கலாம். அப்படியாயின் வேறொருவரிடம் செல்லுங்கள்.